ஆறு நிமிடக் கையிருப்பு

வக்கீலம்மாவைத் தேடி வந்தவள் உட்கார்ந்ததும் ஒரு காகிதச் சுருளை மேசைமேல் வைத்தாள். இன்னொரு கையில் ஒரு சாவியை இறுகப் பிடித்திருந்தாள்.

"என் வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன். மயக்கத்துலேயே மூச்சு நின்னுடுச்சு, மூணாம் நாள் போயிட்டாரு. என் தங்கச்சி அங்க நர்ஸ். நான்தான் 'நீ உள்ள இருடி, எனக்குத் தைரியமா இருக்கும்'னு அனுப்பினேன். அவ தலையணையைச் சரிபண்ணினப்போ தொண்டையில போட்ட குழாய் நழுவிடுச்சுன்னு விசாரணையில சொல்லிட்டாங்க. அவளும் ஒத்துக்கிட்டா."

"உங்களுக்கு என்ன தெரியணும்?"

"அவதானான்னு தெரியணும். எங்க கூடவே இருந்தவ, வீட்டை விட்டுப் போய் மூணு மாசமாச்சு. அவ முகத்தைப் பார்க்கவும் முடியல, பார்க்காம இருக்கவும் முடியல."

கணவனுக்காக அவள் அழுததை எல்லோரும் பார்த்தார்கள். தங்கைக்காக ஏங்குவதை யாரிடம் போய்ச் சொல்வாள்?

அவள் போனதும், எதிலும் முந்திக்கொள்வதால் 'அவசரம்' என்று பெயர் வாங்கிய குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார். "மேடம், அந்தச் சாவியில ஏதோ மர்மம் இருக்கு!"

"முதல்ல காகிதத்தைப் பாருங்க."

அது ஆபரேஷன் அறைக் கருவியின் பதிவு. மேல்கோடு, வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயு. கீழ்க்கோடு, ரத்தத்திலுள்ள ஆக்ஸிஜன். முகமூடி வழியே மூச்சு கொடுத்தவரை மேலே பெரிய பெரிய அலைகள். 10.03க்குக் குழாய் போட்டதும் ஆறே அலைகள், ஒன்றைவிட ஒன்று சிறியதாய். அப்புறம் வெறும் தட்டைக் கோடு. ஆக்ஸிஜனோ 10.09 வரை தொண்ணூற்றொன்பதிலேயே நின்று, பிறகு சரசரவென்று இறங்கியிருந்தது. 10.13க்குக் குழாயை எடுத்து மறுபடி போட்டதும் பெரிய அலைகள் திரும்பியிருந்தன.

"விசாரணையில சொன்னபடி தலையணையைத் தொட்டது 10.09. தொட்டதும் ஆக்ஸிஜன் இறங்கியிருக்கு. தங்கச்சியேதான் மேடம்!"

வக்கீலம்மா தட்டைக் கோட்டை விரலால் அளந்துகொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மருத்துவமனையின் கூட்ட அறையில் மயக்க மருத்துவரும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அக்காவின் பக்கத்தில் வக்கீலம்மாவும் குமாஸ்தாவும். தங்கை கதவோரம் தலைகுனிந்து நின்றாள்.

"டாக்டர், 10.03லேர்ந்து மேல்கோடு ஏன் தட்டையா இருக்கு?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"அந்தக் கருவி கெட்டுப்போச்சு. ஆக்ஸிஜன் நல்லா இருந்ததால நான் பெருசா எடுத்துக்கல."

"குழாய் போடுற வரைக்கும் நல்லா இருந்த கருவி, பத்து நிமிஷம் மட்டும் கெட்டு, ரெண்டாவது குழாய் போட்டதும் தானா சரியாயிடுச்சா?"

மருத்துவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"முதல் குழாய் மூச்சுக்குழலுக்குள்ள போகவே இல்ல, உணவுக்குழாய்க்குள்ள போயிருக்கு. முகமூடியில காத்து கொடுத்தப்போ வயித்துக்குள்ள போன கரியமில வாயுவோட மிச்சம்தான் அந்த ஆறு அலை. அதான் தேய்ஞ்சுகிட்டே போய் நின்னுடுச்சு."

"அப்போ ஆக்ஸிஜன் எப்படி மேடம் குறையாம இருந்துச்சு?" 'அவசரம்' குமாஸ்தாவால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"மயக்கத்துக்கு முன்னாடியே டாக்டர் நிறைய ஆக்ஸிஜன் கொடுத்திருந்தார். அந்தக் கையிருப்புல ஆறு நிமிஷம் ஓடியிருக்கு. அது தீர்ந்த நேரத்துல இந்தப் பொண்ணு கை தலையணை மேல இருந்துச்சு, அவ்வளவுதான். இவ தொட்டு நழுவியிருந்தா, 10.09 வரைக்கும் பெரிய அலை வந்திருக்கணும்."

மருத்துவர் நிமிரவில்லை. "தொண்ணூத்தொன்பதுன்னு இருந்துச்சு... அதையே நம்பிட்டேன். அப்புறம் சொல்ல பயமா இருந்துச்சு."

"அப்போ நான் இல்லையா?" தங்கையின் குரல் உடைந்தது. மூன்று மாதமாகத் தன் கையையே வெறுத்துக்கொண்டிருந்தவள் அதை விரித்துப் பார்த்தாள்.

அக்கா எழுந்து போய், விரிந்த அந்த உள்ளங்கையில் சாவியை வைத்தாள். மூன்று மாதம் முன்பு வீட்டை விட்டுப் போகும்போது தங்கை அங்கே மேசையில் வைத்துவிட்டுப் போன வீட்டுச் சாவி.

"மாமா இல்லாத வீட்டுக்கு நான் எப்படிக்கா வருவேன்?"

"நான் தினமும் தனியா அந்த வீட்டுக்குள்ளதானேடி போறேன்."