அம்மாவுக்கு ஒரு குறுஞ்செய்தி

மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றிருந்தது அன்று காலை. எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. தெருவில் போகிறவர்களின் செருப்புச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ மிதந்து வந்தது. அவள் டீ போட அடுப்பைப் பற்றவைத்தபோது, மேடையில் துண்டுக்கு அடியில் இருந்த அவளுடைய போன் இரண்டு தடவை அதிர்ந்தது.

கையை நீட்டுவதற்குள் அண்ணி எடுத்துவிட்டாள்.

அண்ணி அவளுடைய கணவனின் அக்கா, கணக்கு டீச்சர். புருஷன் போனபிறகு ஏழு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தவள். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"'நேத்து கொஞ்சமாவது தூங்கினீங்களா? எழுதணும்னு தோணும்போது எழுதுங்க. நான் இங்கதான் இருக்கேன்'..." அண்ணி நிதானமாக, வகுப்பில் பாடம் படிப்பது போல வாய்விட்டுப் படித்தாள். "யாரு இது?"

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கணவன் வந்து நின்றான்.

அந்தச் செய்தி அவளுக்கு வந்ததல்ல. அண்ணியின் மகளுக்கு, பத்து நிமிஷம் முன்பு பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடிய குட்டிக்கு வந்தது. ஆனால் அம்மாவிடம் தானே சொல்ல குட்டி ஒரு வாரம் அவகாசம் கேட்டிருந்தாள். இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது.

"என் போன்தானே அண்ணி... எனக்கு வந்ததுதான்."

"எழுதினது யாரு?" என்றான் கணவன்.

"தெரிஞ்சவங்க."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"தெரியாது" என்றாள் அவள். சத்தியமாக அவளுக்குத் தெரியாது. உண்மையே இவ்வளவு கேவலமான பொய்யாகக் கேட்கும் என்று அதுவரை அவள் நினைத்ததில்லை.

"கேட்டியாடா? தெரியாதாம்" என்றாள் அண்ணி. "வியாழக்கிழமை ஆனா மத்தியானமே வேலையிலிருந்து கிளம்பிடறாளாம். எங்க போறான்னு என்னைக்காவது கேட்டியா? வயசுப் பொண்ணு இருக்கிற வீடுடா இது. இவளைப் பார்த்துத்தானே என் பொண்ணும் வளருது..."

கணவனின் கன்னத்து நுரை காய்ந்துகொண்டிருந்தது. அவன் ஒரு வார்த்தை, "இருக்காது அக்கா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் தரையைப் பார்த்தான்.

அவள் அடுப்பை அணைத்தாள். இரண்டு துணிகளைப் பையில் வைத்துக்கொண்டு, மூடுபனிக்குள் இறங்கி நடந்தாள். போன் அண்ணியின் கையிலேயே இருந்தது.

அவள் வேலை செய்தது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் ஓட்டல் விரிப்புகளும் அங்கேதான் வெளுக்கும். உள்ளே எப்போதும் நீராவி. அதற்குள் வெள்ளைத் துணிகள் கொடிகளில் வரிசையாகத் தொங்கும்; நடுவில் நடப்பவர்கள் மேகத்துக்குள் போய் வருகிறவர்கள் மாதிரி தெரிவார்கள்.

இரண்டு மாதம் முன்பு ஒரு சாயங்காலம் குட்டி அங்கேதான் வந்து உட்கார்ந்தாள். அரைப் பரீட்சையில் மார்க் குறைந்ததென்று குட்டியின் போனை அண்ணி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள். அதற்குப் பிறகு குட்டியின் பேச்சு 'ம்', 'இல்ல' என்ற இரண்டு சொல்லில் நின்றுபோயிருந்தது. அன்று அவள் நோட்டிலிருந்து கிழித்த ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். பள்ளி நூலகச் சுவரில் பார்த்துக் குறித்துக்கொண்டதாம். கஷ்டப்படும் பிள்ளைகளுக்கு உதவும் எண். பேச வேண்டாம், எழுதினால் போதும்.

"அத்தை, உங்க போனைக் குடுங்களேன்."

ஒரு மணி நேரம் குட்டியின் கட்டைவிரல்கள் ஓயவில்லை. பிறகு போனைத் திருப்பி நீட்டினாள். "படிங்க அத்தை. எனக்குச் சொல்ல வரல."

அவள் படித்தாள். கடைசியில் அந்த முகம் தெரியாத ஆள் எழுதியிருந்தது: 'நம்பிக்கையான பெரியவங்க பக்கத்துல இருக்காங்கன்னு சொன்னீங்க. அவங்ககிட்ட இதைக் காட்டலாமா? அவங்க உங்களை நேரா கேட்கட்டும். கேட்டா ஒண்ணும் ஆயிடாது, பாரம்தான் குறையும்.'

அவள் கேட்டாள், நாக்கு தடுமாற. "குட்டி... செத்துடணும்னு தோணுதாடா?"

குட்டி ஆமென்று தலையசைத்தாள். அப்புறம் அழுதாள். அழுது முடித்து, சூடு ஆறாத விரிப்புக் குவியலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள்.

அன்றிலிருந்து அவள் குட்டியின் அறையில்தான் படுத்தாள். வியாழக்கிழமைகளில் டாக்டரிடம் கூட்டிப்போனாள். "அம்மாவுக்குத் தெரியணும், அவங்களும் வரணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குத்தான் குட்டி ஒரு வாரம் கேட்டிருந்தாள்.

மத்தியானம் அவள் பள்ளிக்கூட வாசலுக்குப் போனாள். கம்பிக் கதவுக்கு அந்தப்பக்கம் குட்டி ஓடி வந்தாள்.

"நான் சலவைக்கூடத்து ஸ்டீம் அக்கா வீட்டுல இருப்பேன். போன் உங்க அம்மாகிட்ட இருக்கு. எழுதணும்னா நூலக கம்ப்யூட்டர்ல எழுது. இல்ல, நேரா என்கிட்ட ஓடி வா. எந்த நேரமானாலும் வா."

"ஏன் அத்தை? என்ன ஆச்சு?"

"மெசேஜைப் பார்த்துட்டாங்க. எனக்கு வந்ததுன்னு சொல்லிட்டேன்." அவள் கம்பி வழியாகக் குட்டியின் விரல்களைப் பிடித்தாள். "உன் விஷயத்தை நீதான் சொல்லணும், நான் சொல்லல. ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா ஊரைக் கூட்டிச் சொல்லிடுவேன். அப்பவே சொன்னேன்ல? இன்னைக்கு எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லு."

குட்டி யோசித்தாள். "பரவால்ல அத்தை. நேத்தைவிடப் பரவால்ல."

சலவைக்கூடத்தில் நீராவி மெஷின் ஓட்டுவதால் அவளுக்கு ஸ்டீம் அக்கா என்று பெயர்; வாய் நிறையப் பேசுகிறவள். ஆனால் பையோடு வந்தவளைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. பாயை விரித்து, "படு. என் குறட்டைக்கு மட்டும் நான் பொறுப்பில்ல" என்றாள்.

மறுநாள் காலையும் மூடுபனிதான். கூடத்தின் பெரிய கதவு திறந்திருந்ததால் பனியும் நீராவியும் ஒன்றாகக் கலந்து நின்றன. அந்த வெண்மைக்குள்ளிருந்து யாரோ விரிப்புகளை விலக்கிக்கொண்டு வருவது தெரிந்தது. அண்ணி. தலைகூடச் சரியாக வாரியிருக்கவில்லை. அண்ணியை அந்தக் கோலத்தில் அவள் பார்த்ததே இல்லை.

அண்ணி தன்னுடைய போனை எடுத்து நீட்டினாள். "படி" என்றாள், குரல் உடைந்திருந்தது.

முந்தின நாள் சாயங்காலம், ஒரே சோபாவில் அம்மாவும் மகளும் உட்கார்ந்து எழுதிக்கொண்டது அதில் இருந்தது. குட்டி அத்தையின் போனைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்தபடியே அனுப்பியிருக்கிறாள்.

'அம்மா, அந்த மெசேஜ் எனக்கு வந்தது. அத்தைக்கு இல்ல.'

'என்ன உளர்ற?'

'எனக்கு செத்துடணும்னு இருந்துச்சு மா. ரொம்ப நாளா. அவங்க பிள்ளைங்களுக்கு உதவி பண்றவங்க. அத்தைதான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க, வியாழக்கிழமை.'

அதன்பிறகு இருபது நிமிஷம் எதுவும் இல்லை.

'ஏன்டி என்கிட்ட சொல்லல?'

'நீ அழுவ. இல்லன்னா திட்டுவ. ரெண்டையும் என்னால பார்க்க முடியாது. அதான் இப்பவும் எழுதறேன்.'

'நான் இப்ப அழுதுட்டுத்தான் இருக்கேன்.'

'தெரியும் மா. பக்கத்துலதானே இருக்கேன்.'

'உங்க அப்பா போனப்ப எனக்கும் அப்படி இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல. உன்னைப் படிக்கவச்சா சரியாயிடும்னு நினைச்சேன்.'

அவளால் மேலே படிக்க முடியவில்லை. எழுத்துகள் கண்ணீரில் கரைந்து ஓடின.

"உன் தலையில நெருப்பை அள்ளிக் கொட்டினேனே..." என்றாள் அண்ணி. "என் பொண்ணைக் காப்பாத்திட்டு நின்னவளை, வாசலைக் காட்டி அனுப்பிட்டேனே. நான் எந்த மூஞ்சியோட உன்னைக் கூப்பிடறது?"

"குட்டி எங்க அண்ணி?"

"வெளியில. மாமாவோட நிக்கறா. அவன் உள்ள வரமாட்டேங்கறான். உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லையாம்."

அவள் கொடியிலிருந்து ஒரு விரிப்பை உருவினாள். இரண்டு பேர் மடிக்க வேண்டிய பெரிய விரிப்பு. ஒரு முனையை அண்ணியிடம் கொடுத்தாள். இருவரும் பின்னால் நகர்ந்து, உதறி, மடித்து, மறுபடி ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். நடுவில் கைகள் தொட்ட இடத்தில் அண்ணி அவள் தோளில் விழுந்தாள். ஒன்பது வருஷத்துக் கண்ணீர் அது, அவள் தடுக்கவில்லை. சூடான துணி இருவருக்கும் இடையில் கசங்கியது.

"மறுபடி மடிக்கணும்" என்றாள் அவள், அழுகையினூடே. அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே கணவன் சுவரோரம் நின்றிருந்தான். "நான் கேட்டிருக்கணும்..." என்று ஆரம்பித்தான்.

"நீங்க என்னை நம்பியிருக்கணும்" என்றாள் அவள். "அதைப் பத்தி நாம பேசணும். நிறையப் பேசணும். எனக்குக் கோபம் போகல."

"சரி" என்றான் அவன். தரையைப் பார்க்காமல் சொன்னான்.

குட்டி இடையில் வந்து நின்றாள். கையில் போன் இருந்தது. கட்டைவிரல் திரைமேல் போய், நின்றது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அத்தை," என்றாள், சத்தமாக, "நாளைக்கு டாக்டர்கிட்ட நாலு பேரும் போலாமா?"