பல் வெட்டாத சாவி

“என் தம்பி திருடன்னு நிரூபிச்சுக் குடுங்கம்மா. வேற ஒண்ணும் வேண்டாம்.”

வந்தவர் பூட்டுக்காரர். அண்ணனும் தம்பியுமாக இருபது வருடம் ஒரே மேசையில் சாவி வெட்டியவர்கள். சொல்லிவிட்டுத் தபாலம்மாவின் முன்னால் காகிதக் கோப்பு ஒன்றை வைத்தார். அஞ்சலகத்தில் கடிதம் பிரித்து ஓய்வு பெற்ற தபாலம்மாவிடம் ஊரார் இப்படி எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். போலீசுக்குப் போக வெட்கப்படுகிறவர்கள்தான் அதிகம்.

கோப்பில் நான்கு மின்னஞ்சல்கள், அச்செடுத்தவை. வெளிநாட்டில் இறந்த உறவினரின் சொத்து காத்திருக்கிறது, யாரிடமும் சொல்லாமல் உடனே கட்டணம் அனுப்பவும் என்று ஏதோ ஒரு வக்கீல் எழுதியிருந்தார். பூட்டுக்காரர் மூன்று முறை அனுப்பிவிட்டார். கடைச் சேமிப்பு முழுக்கப் போயிற்று, தம்பியின் பங்கும் சேர்த்து.

“மோசடின்னு இப்பத் தெரியுது. ஆனா பாருங்க, ரெண்டாவது லெட்டர்ல எங்க சித்தப்பா பேரு. மூணாவதுல, அவர் எங்கப்பாவோட சண்டை போட்டுக்கிட்டுக் கப்பல் ஏறின கதை. நாலாவதுல, அவருக்கு இடது கையில ரெண்டு விரல் இல்லைன்னு இருக்கு. இதெல்லாம் எனக்கும் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். உளவு சொன்னவன் அவன்தான். ரெண்டு மாசம் முன்னாடியே வெளியே போடான்னுட்டேன்.”

“தம்பியேதான்!” என்றார் தபாலம்மாவின் நாத்தனார். விசாரணை என்று வந்துவிட்டால் அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அவருக்குத் தெரியாது. “முகத்தைப் பார்க்காமலே சொல்லிடுவேன் அண்ணி.”

தபாலம்மா முதல் கடிதத்தை மறுபடி படித்தார். ‘அன்புள்ள வாரிசுதாரரே’ என்று தொடங்கியது. யார் பெயரும் இல்லை.

“நீங்க எழுதின பதிலெல்லாம் எங்கே?”

“அதுல என்னம்மா இருக்கு? நான் சும்மா கேள்விதான் கேட்டேன்.”

“அதையும் பார்க்கணும். நாளைக்குக் காலையில கடைக்கு வரோம். தம்பியையும் வரச் சொல்லுங்க.”

கடையில் இரண்டு பேர் நிற்கவே இடம் போதாது. சுவரெல்லாம் சாவிகள். கம்ப்யூட்டருக்கு மேலே மட்டும் ஒரு வெற்று ஆணி. அதற்குக் கீழே சுவர் சதுரமாக வெளுத்திருந்தது. தம்பி உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார். இடுப்பில் கடைச்சாவி இன்னும் தொங்கியது.

“சாவி தொலைஞ்சு போச்சு, பூட்டு மட்டும் இருக்கு. எப்படிப் புதுச் சாவி செய்வீங்க?” என்று தபாலம்மா கேட்டார்.

பூட்டுக்காரருக்கு எரிச்சல். “பல் வெட்டாத சாவியை உள்ளே விட்டு இறுக்கித் திருப்புவேன். எங்கே இடிக்குதோ அங்கே தடம் விழும். அந்த இடத்தை அரத்தால ராவிட்டு மறுபடி விடுவேன். நாலு தடவையில திறந்துக்கும்.”

“அப்போ சாவியோட வடிவத்தை யார் சொன்னது?”

“பூட்டுதான் சொல்லுது, வேற யாரு?”

தபாலம்மா கம்ப்யூட்டரில் பூட்டுக்காரர் அனுப்பிய கடிதங்களைத் திறந்து, நிதானமாகப் படித்துக் காட்டினார். முதல் பதிலில் சித்தப்பாவின் பெயரைச் சொல்லி, அவர்தானா என்று கேட்டிருந்தார். ‘அவரேதான்’ என்று வந்தது. இரண்டாவதில், அப்பாவோடு சண்டை போட்டுப் போனவர் எங்களுக்கா எழுதி வைத்தார் என்று கேட்டிருந்தார். அந்தச் சண்டை அப்படியே திரும்பி வந்தது.

“முதல் லெட்டர்தான் பல் வெட்டாத சாவி. ஆயிரம் பேருக்குப் போயிருக்கும். இடிச்ச இடத்தையெல்லாம் காட்டிக் குடுத்தது நீங்க.”

“விரலு?” என்று நாத்தனார் பாய்ந்தார். “விரலைப் பத்தி இவர் எழுதவே இல்லையே அண்ணி!”

“அந்த ஆணியில மாட்டியிருந்த படம் எங்கே?”

பூட்டுக்காரர் மெல்ல இழுப்பறையைத் திறந்தார். மூன்றாவது பதிலோடு அவர் ஸ்கேன் செய்து அனுப்பிய பழைய படம். நாற்காலி முதுகில் இடது கையை ஊன்றிச் சித்தப்பா நின்றிருந்தார். மூன்றே விரல்கள் தெரிந்தன.

தம்பிதான் முதலில் அசைந்தார். “பேரே போடாத லெட்டருக்கு ஏன்ணே பதில் போடுறேன்னு அன்னிக்கே கேட்டேன்,” என்றபடி உள்ளே வந்தார். தன் பழைய முக்காலியில் உட்கார்ந்து, பாதியில் கிடந்த ஒரு சாவியை எடுத்து அரத்தால் ராவ ஆரம்பித்தார். “டேய், தப்புப் பண்ணிட்டேன்டா,” என்றார் பூட்டுக்காரர்.

அப்போது கம்ப்யூட்டர் ஒலித்தது. புதுக் கடிதம். நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை; சத்தமாகவே படித்துவிட்டார்.

“‘உங்கள் சொந்தத் தம்பியே பிறவித் திருடன் என்று, பணத்தைத் திருப்பிக் கேட்டு நீங்கள் போன வாரம் எழுதியதைப் படித்து வருந்துகிறோம். அவனை நம்ப வேண்டாம். இழந்த பணத்தை மீட்டுத் தர ஒரு சிறு கட்டணம்...’”

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார். அரத்தின் சத்தம் நின்றது.

“என்னைத் திட்டினே, துரத்தினே. அதுகூடப் பரவாயில்லண்ணே,” என்றார் தம்பி. “முகம் தெரியாத அவன்கிட்டயா சொல்லி அழுதே?”

எழுந்து, இடுப்பிலிருந்த கடைச்சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நகல் எடுத்து வெச்சுக்கல. சந்தேகமா இருந்தா பூட்டை மாத்திக்கோ.”