பின்னறைக்குப் போகும் வயர்

ஹெட்போனை அவள் ஒரு காதில்தான் மாட்டுவாள். இன்னொரு காது பின்னறைக்கு. அங்கே படுத்திருக்கும் தங்கைக்கு மூச்சு கொடுக்கும் மெஷினின் கொர்ர்… புஸ்… கேட்டுக்கொண்டே இருந்தால்தான் இவளுக்கு வேலை ஓடும். அன்று சாயங்காலம் அந்தச் சத்தம் ஹெட்போன் மாட்டிய காதிலும் கேட்டது.

அசதிதான் என்று நினைத்துக்கொண்டாள். தூங்கி எத்தனை நாளாயிற்றோ, யார் கண்டது!

வீடியோ கேம்களை ஆடிப் பார்த்து விமர்சனம் எழுதுவது அவள் பிழைப்பு. இந்த விளையாட்டில் ஆளில்லாத ஒரு வீடு. சுவர்களில் ஓடும் வயர்களைப் பிடுங்கி, வேறிடத்தில் சொருகி, பூட்டிய கதவுகளை ஒவ்வொன்றாகத் திறக்கவேண்டும். பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் செய்திருந்தார்கள். பல்பு எரியும் முன்னால் கரண்ட் சுவருக்குள் முனகிக்கொண்டே வருவதும், ஈரம் ஏறிய மூலைகளில் நிழல் மெல்ல விலகுவதும் கண்ணைக் கட்டிப்போட்டன. ஆனால் வழி காட்ட ஒரு வரைபடம் உண்டா? கிடையாது. செக்குமாடு மாதிரி அதே நடையைச் சுற்றிச் சுற்றிப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு கதவுக்குக் கரண்ட் வேண்டுமென்றால் இன்னோர் அறையை இருட்டாக்கித்தான் எடுக்கவேண்டும். போதாததற்கு, சொருகிய வயர் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், திரும்ப வராது. என்ன கிராதகப் புத்தியோ!

"அக்கா, முடிச்சிட்டியா?"

"ஒரே ஒரு கதவுடி. உசிரை வாங்குது."

"நேத்தும் இதையேதான் சொன்னே."

பின்னறையிலிருந்து சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. இவளும் சிரித்தாள். இதை எழுதி அனுப்பிவிட்டால் தங்கை பக்கத்தில் அக்கடா என்று சாய்ந்துவிடலாம்.

விளையாட்டில் இரண்டு அறைகளில்தான் விளக்கு மிச்சம். முன்னறை, பின்னறை. யோசிக்கக்கூடத் தெம்பில்லாமல் பின்னறை வயரைப் பிடுங்கிக் கதவுக்குக் கொடுத்தாள். கதவு திறந்தது. உள்ளே கும்மிருட்டு.

கொர்ர் நின்றது.

இரண்டு காதிலும்.

ஓடினாள். பின்னறை இருண்டு கிடந்தது. மெஷின் செத்துக்கிடந்தது. சுவிட்சைத் தட்டினாள். தட்டினாள். தங்கையின் நெஞ்சு ஏறி இறங்கித் தவித்தது. அவள் வேலை செய்யும் முன்னறையில் மட்டும் விளக்கு ஜம்மென்று எரிந்தது.

முன்னறையில் மட்டும்.

அவளுக்குப் புரிந்தது. புரிந்ததை நம்ப நேரமில்லை. திரும்பி ஓடி, லேப்டாப் திரையில் முன்னறை வயரைப் பிடுங்கிப் பின்னறைக்குச் சொருகினாள்.

தலைக்குமேல் விளக்கு அணைந்தது. பின்னறையில் வெளிச்சம் வந்தது.

கொர்ர்… புஸ்…

நாற்காலியில் அப்படியே சரிந்தாள். அழுகை வந்தது. கடைசி வயரும் போயிற்று. அந்தக் கதவு மட்டும் இன்னும் திறந்தே கிடந்தது.

"அக்கா…" தங்கையின் குரல், தூக்கக் கலக்கத்தில். "கையை எடுக்கா. சில்லுன்னு இருக்கு."

திரையைப் பார்த்தாள். பின்னறை. கட்டில். குனிந்து நின்ற ஓர் உருவம், படுத்திருப்பவளின் நெற்றியில் கை வைத்திருந்தது.

அதற்கும் ஒரு காதில்தான் ஹெட்போன். இன்னொரு காது முன்னறைக்கு.