நாக்கில் ஒட்டாத எலும்பு

எலும்பு நாக்கில் ஒட்டவில்லை.

மண்ணுக்கடியில் கிடந்து பசையெல்லாம் போன பழைய எலும்பு, நுனிநாக்கில் வைத்தால் ஈரத்தை உறிஞ்சிக் கவ்விக்கொள்ளும். புது எலும்பு வழுக்கும். அகழாய்வு வேலையில் சேர்ந்த அன்றே ரத்னா கற்ற சோதனை அது. பூண்டிக்குப் பக்கத்தில் முதுமக்கள் தாழிகளிலிருந்து எடுத்த குழந்தை எலும்புகள் எல்லாமே நேற்றுவரை கவ்வின. இன்று இந்த விலா எலும்பு வழுக்கியது. நாக்கில் லேசாகத் தாய்ப்பாலின் இனிப்பு.

"அட ச்சீ!" என்று துப்பினாள்.

மழைக்கு அவள் அறை வாசலில் ஒதுங்கி நின்ற துலுக்காணம், தாழி தோண்டிய கூலியாள், தலையில் அடித்துக்கொண்டார். "கைப்புள்ளைய வெச்சுக்கினு இத்தப் போய் வாயில வெக்கிறியேம்மா! எடுத்த எடத்துலயே பொதச்சுடு."

"பொதச்சுட்டா இவங்க யாரு, எப்டி வாழ்ந்தாங்கன்னு யாருண்ணா சொல்லுவாங்க? எலும்பப் பாரு, எம்மாம் மெலிசு! அத்தினி புள்ளைங்களும் பட்டினியில செத்துருக்கு. பஞ்சத்துல ஒரு கூட்டமே போயிருக்கு. அத்த எழுதாம நான் நகர மாட்டேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். இதற்கெல்லாம் பயப்படுகிறவளா ரத்னா?

ஆனால் காலையிலிருந்து அவளுக்குப் பால் சுரக்கவில்லை. மகள் தூளியில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தாள். ஐயோ, இப்படியே நின்றுபோனால் இந்தப் பச்சை உயிர் என்னாகும்?

பொழுது சாய்ந்தது. ஓட்டின் மேல் மழை விடாமல் கொட்ட, ஈரமண் வாசத்துக்குள்ளிருந்து புளித்த பால் வாடை மெல்ல எழுந்து அறை முழுக்கப் பரவியது. தூளிக்குப் போகிற வழியில் மேசையைப் பார்த்தாள். எலும்புகளைப் பரப்பி வைத்திருந்த தட்டு காலியாக இருந்தது.

எலியாக இருக்கும். எலிதான்.

மகளைத் தூக்கி இடப்பக்கம் அணைத்தாள். குழந்தை உறிஞ்சியது. ஒன்றும் வரவில்லை. வீறிட்டது.

வலப்பக்கம் ரவிக்கை நனைந்தது.

யாரோ இழுத்தார்கள். சின்ன வாய். பல்லில்லாத ஈறு. மண்ணின் குளிர்ச்சி.

முந்தானைக்குள் கை விட்டாள். விரலில் விலா எலும்புகள் தட்டுப்பட்டன. அவை மூச்சில் ஏறி இறங்கின.

அலறவில்லை அவள். மகளை இறுக்கிக்கொண்டாள். "உடு! இது எம் புள்ளைக்கு! உன் பசிய நான் எழுதுறேன், ஊரு ஒலகத்துக்கே சொல்றேன். ஆனா எம் புள்ளைய உன் கூட்டத்துல சேக்க வுட மாட்டேன்!"

பிய்த்து எடுத்தாள். தரையில் வீசினாள். இடப்பக்கம் பால் பீறிட்டது. மகள் மடக்மடக்கென்று குடித்தாள்.

தரையில் கிடந்தது சிணுங்கியது.

அலமாரியில், மற்ற தாழிகளின் எலும்புகளை வைத்திருந்த பெட்டிகளிலிருந்து, ஒவ்வொன்றாகப் பதில் சிணுங்கல். மூடிகள் மெல்ல உயர்ந்தன. உள்ளிருந்த பல்லில்லாத வாய்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பியிருந்தன.