தண்ணீருக்கடியில் ஒரு தண்ணீர்

கிணற்றின் அடி வரை போய் வந்த வாளியின் பிளாஸ்டிக் அடிப்பாகம் வெயிலில் விட்ட மெழுகைப் போல இளகியிருந்தது. தெய்வநாயகி விரலால் அழுத்தினாள், குழிந்தது, குழி அப்படியே நின்றது.

தண்ணீரோ பளிங்காக இருந்தது. படகு டீசல் சிந்தினால் ஏரியில் மேலேதான் படலமாக மினுங்கும். கெட்டதை மேலே தேடித்தான் ஏரிக்கரைக்காரர்களுக்குப் பழக்கம். கதை கேட்கும் கண்ணுகளா, அவளைக் குறை சொல்லாதீர்கள். பழைய ரசாயனக் கிடங்கிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய கழிவை இறைத்தெடுக்க வந்தவர்கள், "இது தண்ணிய விட கனம்மா, அடியில போய்ப் படுத்துக்கும், கிணத்தத் தொடாதீங்க" என்று சொல்லித்தான் போனார்கள். ஆனால் அவர்கள் அனுப்பும் தண்ணீர் லாரி நான்கு நாளாக வரவில்லை. மோட்டார் குழாயின் அடிமுனையில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஃபுட்வால்வு வேறு கழன்று கிணற்றுக்குள் கிடந்தது.

அவள் புருஷன் துளசிங்கம் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்த்தான். சுடர் ஆடாமல் எரிந்தது.

"காத்து நல்லாதான் கீது. நீ எறங்கு. என்னைய உன்னால இழுக்க முடியாது."

"மெதுவா வுடுய்யா. நங்கூரம் போடுற மாதிரி போடாத."

கிணற்று உறைகளின் பாசி வாடைக்குக் கீழே, புதுச் செருப்புக் கடையில் வருவது போல ஓர் இனிப்பு வாசனை. இறங்க இறங்க அது கனத்தது, அவள் மூச்சே சுவரில் பட்டுத் திரும்பி, யாரோ காதோரம் மூச்சு விடுவது போலக் கேட்டது. இடுப்பளவுத் தண்ணீர். பாதங்கள் மட்டும் அதற்கும் கீழே இன்னொன்றுக்குள் நுழைந்தன, சில்லென்று, வழவழவென்று. சேறு இல்லை அது. குனிய விடாமல், அவளை இறக்கிவிட இடுப்பில் கட்டியிருந்த கயிறு இறுக்கியது. அவிழ்த்துவிட்டு வால்வைத் துழாவினாள்.

தலை சுழன்றது. உதடு மரத்தது.

"இன்னா தெய்வா, அங்கியே குடித்தனம் பண்ணப் போறியா?"

தூக்கு என்று சொல்ல நினைத்தாள். நாக்கு எழும்பவில்லை. கயிறு அசைந்தது. மேலே போனது. வெறும் கயிறு.

"தெய்வா? கயிறு காலியா வருதே."

வட்ட வெளிச்சத்தில் அவன் தலை. பிறகு அவன் கால். விளிம்பைத் தாண்டி, உள்ளே.

வராதே. குரல் இல்லை. வராதே. கையும் எழவில்லை. தலை தொங்கியது.

கீழே தெளிந்த தண்ணீர். அதற்கடியில், அவள் துழாவியும் கலங்காமல், இன்னொரு தண்ணீரின் மேல்பரப்பு. அதில் அவள் முகம்.

அது அவளைப் பார்க்கவில்லை. இறங்கிவரும் காலைப் பார்த்தது. வாய் திறந்தது.

"ஒண்ணும் இல்லய்யா, வா," என்றது, அவள் குரலில்.

துளசிங்கம் அடுத்த காலையும் உள்ளே வைத்தான்.