மேடைப் பலகையில் ஒரு கிடார்

எந்தச் சத்தத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் பாண்டு மாமா அதைக் கிடாரில் வாசித்துவிடுவார். செஞ்சி கடைத்தெருப் பிள்ளைகளுக்கு அந்த வருடம் இதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது.

ஒருத்தன் ஓடி வந்து, திண்டிவனம் பஸ் மேடு ஏறுகிற சத்தம் வேண்டும் என்பான். மாமா தடித்த கம்பியை உரசி, பஸ்ஸைத் திணறத் திணற மேட்டில் ஏற்றி, உச்சிக்குப் போனதும் ஓர் ஆரனும் அடித்துவிடுவார். ஒருநாள் நாகசுரம் கேட்டார்கள். மாமா கம்பியை விரலால் இழுத்து இழுத்து வாசித்த வாசிப்பில், சமையலறையில் இருந்த அவருடைய அக்கா தைலம்மாள், யார் வீட்டுக் கல்யாணம் என்று வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

மாமாவின் முழுப்பெயர் பாண்டுரங்கன். மெட்ராஸில் குமாஸ்தா வேலை. சாயங்காலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார். மஞ்சள் காமாலை வந்ததால் அக்கா வீட்டுக்குப் பத்தியம் இருக்க வந்திருந்தார். காலையில் கீழாநெல்லி அரைத்த மோர், மதியம் மோர்சாதம், ராத்திரியும் அதே மோர்சாதம். பாவம், அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்தக் கிடார்தான்.

அதை நீல வெல்வெட் துணியில் சுற்றி வைத்திருப்பார். வாசிக்கும்போதும் மடியில் அந்தத் துணியை விரித்து, அதன்மேல்தான் கிடாரை வைப்பார். பாலிஷ் கெட்டுவிடுமாம். பிள்ளைகள் மூச்சுவிடுவது என்றாலும் இரண்டடி தள்ளி நின்றுதான் விட வேண்டும்.

இப்படி ஒரு மாமா இருந்தால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது? தைலம்மாளின் மகள் ஞானம்பாளுக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்தப் பெருமைதான் அவளை வம்பில் மாட்டிவிட்டது.

ஞானம்பாள் ஐந்தாம் வகுப்பு. அவளுடைய சிநேகிதி ஆண்டாளும் அதே வகுப்பு, அதே பெஞ்சு. ஆண்டாளின் அப்பா விநாயகத்துக்குக் செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலை அடிவாரத்தில் வேர்க்கடலைக் கொல்லை இருந்தது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் ஆண்டாளுக்குக் காது கேட்காமல் போய்விட்டது. ஆனால் பேசுவாள், நன்றாகவே பேசுவாள். எதிரில் இருப்பவர் வாயசைவைப் பார்த்தே முக்கால்வாசி புரிந்துகொள்வாள். ஒரே ஒரு சங்கடம், தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. வகுப்பில் அவள் ஞானத்தின் காதோடு ரகசியம் சொன்னால், தெருக்கோடியில் இருக்கிற சோடாக்கடைக்காரருக்கும் அது தெரிந்துவிடும்.

பள்ளி ஆண்டு விழாவுக்குப் பெண் பிள்ளைகள் கோலாட்டம் ஆடப் போகிறார்கள். ஞானமும் ஆண்டாளும் அதில் இருந்தார்கள். பாட்டு டீச்சர் கமலாம்பாள் ஆர்மோனியம் வாசித்துச் சொல்லிக் கொடுத்தார். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, மேலே பலகை அடுக்கியதுதான் மேடை.

அந்த ஆட்டத்தில் கஷ்டமான இடம் ஒன்று உண்டு. எல்லாரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, கோலைத் தூக்கியபடி அசையாமல் நிற்க வேண்டும். ஆர்மோனியம் ஒரே சுரத்தை நீளமாக இழுத்துக்கொண்டே இருக்கும். அது நின்றதும் சட்டென்று திரும்பி, கோலோடு கோல் அடிக்க வேண்டும். யாராவது ஒருத்தி தாமதித்தால் கோல் கோலில் படாது. பக்கத்தில் இருப்பவள் விரலில்தான் படும். அந்த இடத்தில் எல்லாரும் ஒருமுறையாவது தப்பு செய்திருந்தார்கள். ஆண்டாள் மட்டும் செய்ததே இல்லை.

விழா நெருங்கும் நேரத்தில் கமலாம்பாள் டீச்சருக்கு விழுப்புரத்துக்கு மாற்றலாகிவிட்டது. டீச்சர் கண் கலங்கிப் போனார். அவருடைய ஆர்மோனியமும் கூடவே போய்விட்டது.

தையல் டீச்சர் விருத்தாம்பாள் பொறுப்பேற்றுக்கொண்டு, கோலாட்டத்தையே நிறுத்திவிடலாமா என்று யோசித்தார். அப்போதுதான் ஞானம் எழுந்து நின்றாள். தன் மாமா எந்த வாத்தியத்தையும் கிடாரில் கொண்டுவந்துவிடுவார் என்றும், ஆர்மோனியம் எல்லாம் அவருக்கு எம்மாத்திரம் என்றும் சொன்னாள்.

மாமாவும் மறுக்கவில்லை. எத்தனை நாள்தான் மோர்சாதத்தையே பார்த்துக்கொண்டு இருப்பது? ஞானம் பாடிக் காட்டிய மெட்டை ஒரே மாலையில் பிடித்துக்கொண்டு, மறுநாள் பள்ளிக்கு வந்தார். தலைமை ஆசிரியரின் நாற்காலியை மேடைக்குக் கீழே போடச் சொல்லி, மடியில் வெல்வெட் விரித்து உட்கார்ந்தார்.

வாசிப்பு பிரமாதம். விருத்தாம்பாள் டீச்சர்கூடத் தலையை ஆட்டினார். அந்தக் கஷ்டமான இடம் வந்தது. எல்லாரும் முதுகைக் காட்டி நின்றார்கள். கிடாரில் ஒரு சுரம் ஆர்மோனியம் போல நீண்டு நிற்காது, மீட்டியதும் கரைந்துவிடும். அதனால் மாமா அந்த இடத்தை மெல்லிய கம்பிகளில் குட்டிக் குட்டிச் சுரங்களாக வாரி இறைத்து நிரப்பி, அழகாக நிறுத்தினார். எல்லாரும் திரும்பினார்கள். ஆண்டாள் மட்டும் அப்படியே நின்றாள். பிறகு திடுக்கிட்டுத் திரும்பி ஓங்கி அடித்தாள். அது பக்கத்தில் ஆடிய வேதநாயகியின் விரலில் போய் விழுந்தது.

மறுபடி ஆடிப் பார்த்தார்கள். மறுபடியும் வேதநாயகியின் விரல்தான்.

விருத்தாம்பாள் டீச்சர் கெட்டவர் இல்லை. வேதநாயகியின் வீங்கிய விரலுக்கு ஈரத்துணி சுற்றிவிட்டு, ஆண்டாளைக் கூப்பிட்டு, அவள் மேடையில் ஆட வேண்டாம், திரை இழுக்கும் வேலையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று மெதுவாகத்தான் சொன்னார். ஆண்டாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோல்களைக் கீழே வைத்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் ஒன்றுதான் சொன்னாள்.

"எங்க நைனா வல்லத்துல இருக்கிற சொந்தக்காரங்களை எல்லாம் வரச் சொல்லியிருக்குது. காது கேக்காத பொண்ணுக்கு எதுக்குப் படிப்புன்னு அவங்க சொன்னாங்க. என் பொண்ணு ஆடுறதை வந்து பாருங்கன்னு நைனா சொல்லிச்சு."

கிடாரைக் கொண்டுவந்தது யார்? ஞானம்தானே.

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திரும்பும் நேரத்தில் தான் இருமிக் காட்டினால் என்ன என்று ஞானம் யோசித்தாள். இருமல் மட்டும் ஆண்டாளுக்கு எப்படிக் கேட்கும் என்று அடுத்த நொடியே தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். கடைசியில் மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டாள்.

மாமாவுக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது.

"என் கிடார் மேல இன்னா தப்பு ஞானம்? அந்தப் பொண்ணுக்கு ஆர்மோனியமும்தானே கேக்காது?"

ஞானம் அழுகையை நிறுத்தினாள். மாமா சொல்வது சரிதானே? ஆர்மோனியமும் கேட்காது. அப்படியானால் இத்தனை நாளாக ஆண்டாள் எப்படிச் சரியாகத் திரும்பினாள்? டீச்சர் கேட்கவில்லை. வேதநாயகி கேட்கவில்லை. பக்கத்திலேயே உட்காரும் ஞானமும் கேட்டதில்லை.

மறுநாள் விடுமுறை. விடிந்ததும் விடியாததுமாக ஞானம் விநாயகத்தின் கொல்லைக்கு ஓடினாள். ஆண்டாள் வேர்க்கடலைச் செடிக்கு நடுவே உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஞானம் அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாயை நன்றாக அசைத்துக் கேட்டாள்.

ஆண்டாள், இது ஒரு கேள்வியா என்பது போலப் பார்த்தாள்.

"காலாலதான். ஆர்மோனியப் பொட்டி மேடைப் பலகை மேலதானே இருந்துச்சு? டீச்சர் வாசிச்சா கால்ல குறுகுறுன்னு ஓடும். அது நின்னா நான் திரும்புவேன். உங்க மாமா கீழ நாற்காலியில உக்காந்துட்டாரு. எனக்கு ஒண்ணுமே வரல."

ஞானம் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாகக் கடைத்தெருவுக்கு வந்தாள். மாமா அப்போதுதான் கீழாநெல்லியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க எந்தச் சத்தத்தைக் கொடுத்தாலும் கிடாருல வாசிப்பீங்கதானே? நான் ஒண்ணு கொண்டாந்திருக்கேன். ஆண்டாளுக்குக் கேட்ட ஆர்மோனியம்."

விஷயத்தைக் கேட்டதும் மாமா எழுந்து கிடாரை எடுத்தார்.

ஞானத்தின் அப்பாவுடைய பாத்திரக் கடையில் ஒரு நீளமான மரப்பெஞ்சு இருந்தது. அதன் ஒரு முனையில் ஆண்டாள் வெறுங்காலோடு கண்ணை மூடி நின்றாள். மறுமுனையில் மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெல்வெட்டை விரித்து, கிடாரை அதன்மேல் ஊன்றினார்.

மெல்லிய கம்பியை மீட்டினார். ஆண்டாள் உதட்டைப் பிதுக்கினாள். அடுத்த கம்பிக்கும் அப்படியே. எல்லாவற்றையும்விடத் தடித்த கம்பியை மீட்டியபோது மட்டும், ஏதோ இருக்கிறது, ஆனால் சரியாக இல்லை என்பது போலத் தலையைச் சாய்த்தாள்.

ஞானம் வெல்வெட்டைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள்.

"துணி குடிச்சிடுது மாமா," என்றாள் மெதுவாக.

மாமாவின் முகம், ராத்திரியும் மோர்சாதம்தான் என்று கேட்டது போல ஆகிவிட்டது. அது பாத்திரக் கடைப் பெஞ்சு. அண்டாவும் தவலையும் இழுத்து இழுத்து முழுக்கச் சிராய். மாமா பெருமூச்சு விட்டார். வெல்வெட்டை உருவி ஞானத்தின் கையில் கொடுத்தார். வெறும் கிடாரை வெறும் பலகையில் அழுத்தி, தடித்த கம்பியைக் கட்டைவிரலால் ஓங்கி மீட்டினார்.

ஆண்டாளின் கால்விரல்கள் சுருங்கின. கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"வந்துடுச்சு," என்று அவள் சொன்னது எதிர்சாரிக் கடைகளுக்கெல்லாம் கேட்டது. உடனே, "போயிடுச்சு," என்றாள்.

கம்பியின் சத்தம் கரைந்துவிட்டது. அதற்கு ஞானம்தான் வழி சொன்னாள். ஒரே சுரத்தை விடாமல் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருந்தால் ஆண்டாளுக்கு அது நீளமாகத்தானே இருக்கும்? மாமா தட்டிப் பார்த்தார். தும் தும் தும் என்று வந்தது. அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. இத்தனை பேர் கூடும் விழாவில் இதை வாசித்தால், இவனுக்கு இவ்வளவுதான் தெரியும் என்று ஊர் நினைக்காதா என்று மாமா தயங்கினார்.

கையை வைத்துக் கம்பியை நிறுத்தினார். அதே நொடியில் ஆண்டாள் சட்டென்று திரும்பினாள். மாமா இன்னொரு தடவை செய்து பார்த்தார். இந்தத் தடவையும் திரும்பினாள். அதற்குப் பிறகு மாமா ஊரைப் பற்றிப் பேசவில்லை.

விருத்தாம்பாள் டீச்சர் ஒத்திகை பார்த்துவிட்டு, தனக்குச் சம்மதம்தான், ஆனால் அடி வாங்கியவள் சொல்லட்டும் என்றார். வேதநாயகி துணி சுற்றிய விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, பயந்து பயந்துதான் ஆண்டாள் பக்கத்தில் நின்றாள். ஆடி முடித்ததும் விரலை எண்ணிப் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

விழா அன்று கூடம் நிரம்பி வழிந்தது. விநாயகம் வெள்ளைச் சட்டை போட்டு முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி வல்லத்துச் சொந்தக்காரர்கள். விநாயகத்தின் கை, மேல்துண்டைக் கசக்கிக்கொண்டே இருந்தது. மாமா மேடை ஓரத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கிடாரைப் பலகையில் அழுத்தி வைத்துக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. மாமா மெட்டை மெல்லிய கம்பிகளில் குழைத்து வாசித்தார். கஷ்டமான இடம் வந்தது. எல்லாரும் முதுகைக் காட்டி, கோலைத் தூக்கி நின்றார்கள். மாமாவின் கட்டைவிரல் தடித்த கம்பிக்கு மாறியது. தும் தும் தும். இது என்ன சங்கீதம் என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். மாமா தலை நிமிரவில்லை.

சத்தம் நின்றது. எல்லாரும் திரும்பினார்கள். கோல்கள் எல்லாம் சேர்ந்து ஒரே சத்தமாகப் பட்டன. அந்த இடம் இரண்டாவது தடவை வந்தபோதும் அப்படியே. வேதநாயகி சிரித்துக்கொண்டே ஆடினாள்.

முடிந்ததும் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. விநாயகம் தட்டவில்லை, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் இருந்தவர்கள் அவருக்கும் சேர்த்துத் தட்டினார்கள்.

சிறப்பு விருந்தினர் எழுந்து வந்து, வாசிப்பு அருமை என்று மாமாவின் கையைக் குலுக்கினார். தலைமை ஆசிரியரும் அதையே சொன்னார். மாமா எல்லாருக்கும் கும்பிடு போட்டார். பிறகு கிடாரின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். நீளமாக ஒரு கீறல் விழுந்திருந்தது.

சிறப்பு விருந்தினர் பேச ஆரம்பிப்பதற்காகக் கூடம் அமைதியானது. அந்த நேரம் பார்த்து, மேடை ஓரத்தில் நின்ற ஆண்டாள், ஞானத்தின் காதோடு ரகசியம் சொன்னாள்.

"உங்க மாமா நல்லா வாசிச்சாரு. ரெண்டாவது தடவை மட்டும் கொஞ்சம் அவசரமா நிறுத்திட்டாரு."

கூடம் முழுவதும் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஆண்டாள் திருதிருவென்று விழித்தாள்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. கிடாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஆண்டாள் எதிரில் வந்து நின்று, அவளுக்கு நன்றாகத் தெரியும்படி வாயை அசைத்துச் சொன்னார்.

"ஆமாம்மா. அவசரப்பட்டுட்டேன்."