அஞ்சு பர்சென்ட்டுக்கு அப்புறம்

காரின் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியது. பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமாக எழுந்து, மேம்பாலத்துக்கு அடியில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்த அவள் மேல் விழுந்தது.

அதுவரை அவள் நனையவில்லை. மழை வலுப்பதற்குள் பாலத்தடிக்கு வந்து சேர்ந்துவிட்ட தன் சாமர்த்தியத்தை அப்போதுதான் மெச்சிக்கொண்டிருந்தாள்...

கார் தப்பித்துப் போகவும் வழியில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் முட்டளவு தண்ணீர். வண்டிகளெல்லாம் வால் பிடித்து நின்றுவிட்டன. அவள் நேராக நடந்து போய்க் கண்ணாடியைத் தட்டினாள். கண்ணாடி இறங்கியது. உள்ளே இருந்தவன் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“சார்ஜர் இருக்கா?”

“என்னது?”

“என் மேல தண்ணி அடிச்சீங்கல்ல. அதுக்கு உங்களைத் திட்டணும். ஆனா நேரமில்ல. போன்ல நாலு பர்சென்ட்தான் இருக்கு. கார்ல சார்ஜர் இருக்கா இல்லையா?”

அவன் அவளைப் பார்த்தான். நெற்றியில் ஒட்டிய முடி, கன்னத்தில் ஒரு சேற்றுப் புள்ளி, இமை நுனியில் விழலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்த ஒரு துளி. அதற்குக் கீழே, கோபத்தைத் தள்ளிப்போட்டுவிட்டுக் காத்திருந்த இரண்டு பெரிய கண்கள்...

“இருக்கு. ஏறுங்க.”

தூணை ஒட்டிக் காரை ஓரங்கட்டி நிறுத்தினான். ஏறி உட்கார்ந்த பிறகுதான் பின் சீட்டில் குழந்தை இருக்கையையும், காது பிய்ந்த ஒரு துணி முயலையும் பார்த்தாள். சட்டென்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

“குழந்தையோட வண்டியா?”

“அக்கா பொண்ணோடது முயல். அக்காவோடது கார். இதுல என்னோடது நான் மட்டும்தான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற நிலையில் அவள் இல்லை.

ஒலிப்புத்தகம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வாசிப்பாளர் வேலை. இன்னும் சற்று நேரத்தில் வீடியோவில் நேர்முகத் தேர்வு. ஏற்கெனவே இரண்டு இடங்களில் குரல் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ‘இதுவும் இல்லேன்னா சித்தப்பாவோட ஜெராக்ஸ் கடையிலயே நிரந்தரமா உட்கார்ந்துடு’ என்று அப்பா சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சாதம் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. கடையில் மெஷின் சத்தம் ஓயாது என்று தோழியின் அறைக்குக் கிளம்பியவளைத்தான் மழை இங்கே நிறுத்தியிருந்தது.

இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, “இன்னொண்ணு. இது பழைய போன். அஞ்சுக்குக் கீழ போயிட்டா எப்ப வேணா தானா அணைஞ்சுடும். அதுக்குச் சொல்லாம கொள்ளாம போற பழக்கம்” என்றாள்.

“என்னைப் பத்திக் கூட அக்கா அப்படித்தான் சொல்லுவா” என்றபடி அவன் ஒயரை அவள் போனில் சொருகினான். மின்னல் குறி வந்தது. போனது. மறுபடி வந்தது. நாலு, மூன்றாக இறங்கியது.

“ஏங்க, சார்ஜ் ஏறுதா இறங்குதா?”

“எனக்கும் தினம் இந்தச் சந்தேகம்தான். ராத்திரி வரைக்கும் ஓட்டினாலும் இருந்ததே இருக்கும்.”

“அப்ப ஏன் சரி பண்ணல?”

“என் போனுக்கு யாரும் இன்டர்வியூ வைக்கலீங்க.”

அவள் முறைத்தாள். பிறகு இருவரும் வேலையில் இறங்கினார்கள். திரையின் வெளிச்சத்தைக் குறைத்தாள். இருப்பிடம் காட்டுவதை அணைத்தாள். அவன் இன்ஜினை ஓடவிட்டான். அவனுடைய ஒயர் முழ நீளத்துக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டுத் தன் பையிலிருந்த குட்டையான தடி ஒயரைக் கொடுத்தாள். அப்படியும் மின்னல் குறி கண்ணடித்துக்கொண்டுதான் இருந்தது. கியருக்குப் பக்கத்தில் இருந்த சாக்கெட்டில் சார்ஜர் லேசாக ஆடியது. அவன் இரண்டு விரல்களால் அதை ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தினான்.

குறி நின்றது. அசையாமல் நின்றது.

“அப்படியே” என்றாள் அவள், ரகசியம் சொல்வதுபோல். “விரலை எடுத்துடாதீங்க.”

“எடுக்கல.”

“கை வலிக்குமே...”

“கை நடுங்காம ஒரு பொருளைப் புடிக்கிறதுதான் என் தொழிலே. பல் செட் செய்யறேன். உங்க முன்னால இருக்கற டப்பாவை எடுத்து போனுக்கு முட்டுக் கொடுங்க. ஆனா திறந்துடாதீங்க. நாலு பேரோட சிரிப்பு அதுல இருக்கு.”

டாஷ்போர்டில் பல் டப்பாவைச் சாய்த்து அதன்மேல் போனை நிறுத்தினாள். போனுக்கு மேலே, முகத்துக்கு நேராக டப்பாவின் லேபிள். பல் லேப் ஒன்றின் பெயரும் தெருவும். துப்பட்டாவின் காய்ந்த முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கன்னத்துல... இன்னும் கொஞ்சம் இடது பக்கம்” என்றான் அவன். சேற்றுப் புள்ளி போனது. எதற்கென்று தெரியாமல் கன்னம் சூடானது.

அழைப்பு வந்தது.

திரையில் மூன்று பேர். பெயர், படிப்பு, இதுவரை செய்த வேலை... அவள் பதில் சொல்லச் சொல்லப் போன் இரண்டைக் காட்டியது. பிறகு ஒன்று. அவள் குரல் மாறவில்லை, ஆனால் மடியில் கிடந்த கை துப்பட்டாவை முறுக்கியது. அவன் விரலைக் கொஞ்சம் கூட அசைக்கவில்லை. மூச்சைக் கூடப் பார்த்துப் பார்த்து விட்டான். நகம் வெளுத்துவிட்டது.

ஒன்று, ஒன்றாகவே ரொம்ப நேரம் நின்றது. பிறகு இரண்டானது. மூன்றானது. அவர்கள் கேள்விகளை முடிக்கும்போது ஐந்து.

“சரிம்மா, அனுப்பின பக்கங்கள்ல இருந்து படிங்க.”

அவள் தாளை எடுத்தாள்.

ஒரு கலங்கரை விளக்கம். பகலில் விளக்கின் கண்ணாடிகளைத் துடைக்கும் ஒருத்தி. இரவில் விளக்கை ஏற்றிக் காவல் இருக்கும் ஒருவன். அவள் இறங்கும்போது அவன் ஏறுவான். அந்தச் சுற்றுப் படிக்கட்டில் மட்டும்தான் சந்திப்பு. ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டால்தான் மற்றவர் போக முடியும்...

அவள் நிதானமாகப் படித்தாள். வெளியே ஹாரன் சத்தம், பாலத்தின் ஓரத்தில் கொட்டும் மழை, எல்லாம் எங்கோ விலகிப் போயின. பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தவன் அந்தப் படிக்கட்டில் நின்றான். ஈரக்காற்று, எண்ணெய் வாசனை, மேலிருந்து இறங்கி வரும் காலடி ஓசை... ஒரு மனுஷக் குரல் இத்தனை இடத்தைக் காட்டுமா?

‘அன்றைக்கு அவன் வழி விடவில்லை. அவளுக்கு நேராக நின்று, உள்ளங்கையைத் திறந்தான். அதில்...’

“போதும்மா. நாங்க தகவல் சொல்றோம்.”

அழைப்பு முடிந்தது. போனில் ஒன்பது. அவள் நீளமாக மூச்சு விட்டாள். சிரித்தாள். இப்போதுதான் முழுசாகச் சிரித்தாள்.

“அதுல என்ன?” என்றான் அவன்.

“எதுல?”

“அவன் கையில. என்ன இருந்தது?”

“விரலை எடுங்க முதல்ல. கட்டையா போயிருக்கும்.”

அவன் விரலை எடுத்ததும் சார்ஜர் சாய்ந்து பாதி வெளியே வந்தது. அதைச் சுற்றி ஏதோ மினுங்கியது. அவள் உருவிப் பார்த்தாள். ஆடாமல் இறுக்கமாக இருக்கட்டும் என்று யாரோ மிட்டாய்த் தாளை மடித்து, சார்ஜரைச் சுற்றி ஒட்டிவைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் இருந்த உலோகப் பட்டைகளைத் தாள் மூடி, கரண்ட் போகாமல் மறித்திருந்தது. ஜெராக்ஸ் மெஷினோடு தினமும் மல்லுக்கட்டுகிறவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தாளைக் கிழித்துப் போட்டுச் சார்ஜரைச் சொருகினாள். மின்னல் குறி கண்ணடிக்காமல் எரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்தானது.

“இது இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?”

அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. “பாதியில தெரிஞ்சது. விரல்ல தட்டுப்பட்டுச்சு.”

“தெரிஞ்சும் சும்மா புடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களா? எடுத்துக் கிழிச்சுட்டுச் சொருகினா முடிஞ்சுது. என் பொழப்பே அந்த ஒயர்ல தொங்கிக்கிட்டு இருந்தது... உங்களுக்கு வேடிக்கையா இருந்ததா?”

அவனிடம் பதில் இருந்தது. அதில் பாதியைச் சொல்லிவிடலாம். மீதிப் பாதியை, பெயர் கூடத் தெரியாத ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? பாதி பதில் சொல்வதைவிடப் பேசாமல் இருப்பது மேல் என்று இருந்துவிட்டான். அவன் மௌனத்தை அவள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள். கதவைச் சாத்திவிட்டு மழைக்குள்ளேயே ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனாள். தள்ளிப்போட்ட திட்டெல்லாம் அந்தக் கதவுச் சத்தத்தில் இருந்தது.

வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் அப்பா செய்தியை ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுச் சொன்னார். அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனால் யாராவது ‘எப்படிம்மா, மழையில சமாளிச்ச’ என்று கேட்டால் மட்டும் எரிச்சல் வந்தது.

கடையில் கடைசி வாரம். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, தோழியோடு வீடியோவில் பேசிக்கொண்டே தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று பர்சென்ட். சித்தப்பா உள்ளே வந்தார்.

“ஒரு செகண்டும்மா, என் ஒயரை மட்டும் எடுத்துக்கறேன்...”

அவள் ஒயரைப் பிடுங்கி, தன்னுடையதை விடுவித்து, அவளுடையதை மறுபடி சொருகினார். கண் இமைக்கும் நேரம்தான். போன் கறுத்துப்போயிருந்தது.

அவள் அந்தக் கறுத்த திரையைப் பார்த்தபடி நின்றாள்.

ஒன்று... அன்றைக்குப் போனில் ஒன்று காட்டியது. ரொம்ப நேரம் ஒன்றையே காட்டியது. ‘சொல்லாம கொள்ளாம போற பழக்கம்’ என்று அவனிடம் சொன்னதே அவள்தான். அவன் அந்தத் தாளை எடுத்திருந்தால்... வெளுத்துப்போன அந்த நகம் ஞாபகத்துக்கு வந்தது.

“என்னம்மா, போன் போச்சா?” என்றார் சித்தப்பா குற்ற உணர்வோடு.

“போனா போகட்டும் சித்தப்பா. நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்.”

முகவரியைத் தேட வேண்டியிருக்கவில்லை. தேர்வு முழுக்க அந்த லேபிள்தான் கண்முன்னால் இருந்தது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

பல் லேபின் முன்னறையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். “பல் யாருக்கும்மா?”

“பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இங்க... அக்கா கார் ஓட்டிக்கிட்டு வர்ற ஒருத்தர்...”

அந்தப் பெண்மணி அவளை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் மெதுவாகச் சிரிப்பு பரவியது. “கார் எனக்குத்தான் சொந்தம். அந்த மிட்டாய்த் தாளைச் சுத்தினதும் நான்தான், சார்ஜர் ஆடுதேன்னு. இதுக்கு என்னை ஒரு வார்த்தை திட்டல அவன். திட்டாம, கிழிஞ்ச தாளைப் பத்திரமா எடுத்து வெச்சிருக்கான். அப்பவே நினைச்சேன், பையன் சரியில்லைன்னு.” உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “தம்பி, உன்னைத் திட்ட ஆள் வந்திருக்கு. நான் டீ வாங்கிட்டு வரேன். மெதுவாத்தான் வருவேன்.”

உள்ளே வரிசையாகப் பல் அச்சுகள். நடுவில் அவன், கையெல்லாம் வெள்ளை மாவாக, எழுந்து நின்றான்.

“வேலை கிடைச்சிடுச்சு” என்றாள்.

“தெரியும்.”

“எப்படி?”

“நான்தான் கேட்டேனே அந்தக் குரலை.”

வழியெல்லாம் தயார் செய்து வந்த வாக்கியங்கள் அவளுக்கு மறந்துபோயின. “சாரி” என்றாள். “ஒண்ணு காட்டும்போது நீங்க அதை எடுத்திருந்தா அணைஞ்சிருக்கும். எனக்கு இன்னைக்குத்தான் புரிஞ்சுது. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“அது பாதி பதில்தாங்க. அதனால சொல்லல.”

“பாதியா?”

அவன் மேசையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். “அஞ்சு வரைக்கும் பயத்துல புடிச்சிருந்தேன். அதுக்கு மேல ஏறினதும் பயம் போயிடுச்சு. எடுத்திருக்கலாம். நீங்க சொல்றது சரிதான், ஒண்ணும் ஆகியிருக்காது.”

“அப்ப... அஞ்சு பர்சென்ட்டுக்கு அப்புறம் ஏன் புடிச்சிருந்தீங்க?”

“அப்புறம் நீங்க படிக்க ஆரம்பிச்சுட்டீங்க.”

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“விரலை எடுத்தா எல்லாம் நின்னுடுமோன்னு தோணுச்சு. உங்க குரல், அந்தப் படிக்கட்டு, பக்கத்துல நீங்க... எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. அன்னைக்கே சொன்னா சிரிப்பீங்கன்னு நினைச்சேன். இன்னைக்குச் சிரிச்சாலும் பரவாயில்ல. சிரிப்புதான் எங்க தொழிலே.”

அவள் சிரித்தாள். கண் மட்டும் எதற்கோ நனைந்தது. வெளியே மழை கூட இல்லை.

“அந்தக் கையில என்ன இருந்ததுன்னு கேட்டீங்களே...”

“தினம் யோசிக்கிறேன். மோதிரமா?”

“இல்ல.”

“சாவி?”

“ஒண்ணுமே இல்ல. அடுத்த பக்கத்துல வருது. சும்மா வெறும் கை. அவ தன் கையை வைக்கட்டும்னுதான் திறந்து வெச்சிருந்தான்.”

அவன் மாவு படிந்த தன் கையைப் பார்த்தான். அவசரமாகச் சட்டையில் துடைக்கப் போனான்.

“துடைக்க வேணாம்” என்று அவள் தன் கையை அதில் வைத்தாள். “அப்படியே... எடுத்துடாதீங்க.”